46 வயதில் வெள்ளியங்கிரி ஏழாவது மலை வரை ஏற வேண்டும். ஆறு மாதத்தில் எப்படித் தயாராவது?

வயது 46, நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் வேலை, சீசனுக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். ஆனால் ஏறுவதற்கு மட்டும் தயாராகிவிட்டுப் போகாதீர்கள். ஏறும்போது மூச்சு வாங்கும், நின்றால் அடங்கிவிடும். நம் வயதுக்காரர்களைப் படுத்தி எடுப்பது இறக்கம்தான்.

முதலில் கணக்கைப் பாருங்கள். கோவைப் பக்கம் பூண்டி அடிவாரத்திலிருந்து ஏழாவது மலையில் இருக்கிற சுயம்பு லிங்கம் வரை ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர். கேட்டால் காலை நடை போலத்தான் இருக்கும். ஆனால் அதற்குள் ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம் கூடிவிடுகிறது. ஒரு மாடி மூன்று மீட்டர் என்று வைத்தால், முந்நூறு மாடிக்கு மேல் ஏறி அத்தனையும் இறங்க வேண்டும். அதையும் பலர் வெயிலுக்குப் பயந்து ராத்திரியில், தூக்கம் கெட்ட உடம்போடு செய்கிறார்கள். தினமும் பூங்காவில் ஐந்து கிலோமீட்டர் நடக்கிறவர்கள்கூட முதல் மலைப் படிகளில், வெள்ளை விநாயகர் கோயில் வருவதற்குள் திணறிப்போவதைப் பார்த்திருக்கிறேன். சமதரையில் நடப்பது வேறு, இது வேறு.

பயிற்சிக்கு முன்னால் டாக்டரைப் பாருங்கள். 2024 சீசனில் மலையேறும்போது மூச்சுத்திணறியும் மாரடைப்பு வந்தும் பலர் இறந்த செய்திகளைப் படித்திருப்பீர்கள். இதய நோய், மூச்சுத்திணறல் உள்ளவர்கள் வர வேண்டாம் என்று வனத்துறையும் திரும்பத் திரும்பச் சொல்கிறது. ரத்த அழுத்தம், சர்க்கரை, இசிஜி பார்த்துவிட்டு, டிரெட்மில் டெஸ்ட் தேவையா என்று அவரிடமே கேளுங்கள். சாமி பார்த்துக்கொள்வார் என்று சொல்கிற நண்பர்கள் உங்கள் குழுவிலும் இருப்பார்கள். அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள், டாக்டரிடம்.

முதல் இரண்டு மாதம் வெறும் நடைதான். பக்கத்தில் வருகிறவரிடம் முழு வாக்கியம் பேச முடிகிற வேகம் போதும். 220-இலிருந்து வயதைக் கழித்து இதயத்துடிப்பை அளக்கிற கணக்கை ஜிம்மில் சொல்வார்கள். அது ஒரு தோராயம், ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு முன்னே பின்னே இருக்கும். பேச்சு தடுமாறுகிறதா என்று கவனிப்பது அதைவிட எளிது.

மூன்றாவது மாதம் படிக்கு வாருங்கள். கோவைக்காரர் என்றால் மருதமலையின் எண்ணூற்றுச் சொச்சம் படிகள் இருக்கின்றன. திருச்சி என்றால் மலைக்கோட்டை, சென்னைப் பக்கம் பரங்கிமலையோ திருக்கழுக்குன்றமோ. எதுவும் இல்லையென்றால் அபார்ட்மென்ட் படிக்கட்டு. மருதமலையில் படியேறிப் போய்விட்டுக் கோயில் பஸ்ஸில் இறங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. பாதிப் பயிற்சி பஸ்ஸிலேயே போய்விடுகிறது.

ஏன் இறக்கம் அவ்வளவு முக்கியம்? ஏறும்போது தொடையின் முன்பக்கத் தசை சுருங்கி நம்மைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. இப்படி நீண்டுகொண்டே வேலை செய்வதுதான் தசை இழைகளை அதிகம் பாதிக்கிறது. வலி அன்றைக்கே முழுதாகத் தெரியாது, அடுத்த இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போகும். நல்ல விஷயம் என்னவென்றால், ஒருமுறை அந்த வேலையைக் கொடுத்துவிட்டால் தசை அதைச் சில வாரம் ஞாபகம் வைத்திருக்கும், மறுமுறை அவ்வளவு வலிக்காது. அதனால் களைப்பான நாளில் லிஃப்டில் மேலே போய்விட்டுப் படியில் இறங்கி வந்தாலும் அது பயிற்சிதான்.

வீட்டில் ஒன்று செய்யலாம். வாசல்படியின் கீழ்ப்படியில் பக்கவாட்டாக, சுவரை ஒரு விரலால் மட்டும் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் நில்லுங்கள். மற்றக் காலை மூன்று எண்ணுவதற்குள் மெதுவாக இறக்குங்கள். குதிகால் தரையைத் தொட்டதும் பாரத்தை அதில் போட்டுவிடாமல் மேலே வாருங்கள். நிற்கிற காலின் முட்டி உள்பக்கம் சாயாமல் பாதத்துக்கு நேராக இருக்க வேண்டும். முட்டி சாய்ந்தாலோ கிடுகிடுவென்று நடுங்கினாலோ, பலவீனம் எங்கே என்று தெரிந்துவிடும். ஒரு காலுக்கு எட்டுப் பத்து தடவை போதும்.

நாற்பதுக்கு மேல் ஒரு சிக்கல் உண்டு. மூச்சு சில வாரத்திலேயே தேறிவிடும், ஆனால் தசையை எலும்போடு பிணைக்கிற நாண்கள் மெதுவாகத்தான் பலப்படும். மூச்சு வாங்காமல் ஏற முடிகிறதே என்று அளவைத் திடீரென இரட்டிப்பாக்கினால் முட்டியோ குதிகாலோ மாதக்கணக்கில் உட்கார வைத்துவிடும். படிப்பயிற்சிக்கு மறுநாள் படி வேண்டாம், சாதாரண நடை போதும். சாப்பாட்டில் முட்டை, சுண்டல், பயறு கொஞ்சம் கூடட்டும்.

கடைசிப் பெரிய பயிற்சியைப் பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே முடித்துவிட்டு, அப்புறம் லேசாக நடங்கள்.

மலையில் மூங்கில் தடி கட்டாயம். இறங்கும்போது தடியைக் கீழ்ப்படியில் ஊன்றிய பிறகுதான் கால் இறங்க வேண்டும். வழுக்குப்பாறையில் நான் தயங்கி நின்றபோது பின்னால் வந்த பெரியவர் ஒருவர், “நேரா இறங்காதீங்க, சைடு வாங்குங்க, முட்டி தப்பிச்சுக்கும்” என்றார். அறுபது தாண்டியவர், எங்களுக்கு முன்னால் இறங்கிப் போய்விட்டார். ஆறாவது மலையில் ஆண்டி சுனையில் குளித்தால் மாற்றுத்துணி கையில் இருக்கட்டும். ஈரத்தோடு அந்தக் காற்றில் நின்றால் விறைத்துப்போகும்.

பிப்ரவரி முதல் மே வரைதான் பாதை திறந்திருக்கும். சிவராத்திரி, சித்ரா பௌர்ணமிக் கூட்டத்தில் உங்கள் வேகத்தில் நடக்க முடியாது, அந்த நாட்களைத் தவிருங்கள். சனி ராத்திரி ஏறுவதாக இருந்தால் திங்களோடு செவ்வாய்க்கும் சேர்த்து லீவு போட்டுவிடுங்கள்.