கெர்னல் லாக்: வாசகர் கேள்வி

கேள்வி: லினக்ஸ் கெர்னலில் (இயங்குதளத்தின் மையப்பகுதி) ஓடும் டிரைவர் ஒன்றில், ஸ்பின்லாக்கை (பகிர்ந்த தரவை ஒரு நேரத்தில் ஒருவரே தொடவிடும் பூட்டு; கேட்பவர் அது கிடைக்கும்வரை சுழன்றபடி காத்திருப்பார்) பிடித்திருக்கும் ஃபங்ஷன் அதே லாக்கைக் கேட்கும் இன்னொரு ஃபங்ஷனை அழைத்ததும் கணினி உறைந்துவிடுகிறது. ஒரே திரெட் (நிரலின் ஓர் இயக்க ஓட்டம்) மீண்டும் பிடிக்கக்கூடிய லாக்காக மாற்றலாமா?
– பொறியியல் மாணவி, திருமங்கலம்

பதில்: வேண்டாம். லினக்ஸின் ஸ்பின்லாக்கும், மியூடெக்ஸும் (காத்திருப்பவரைத் தூங்கவைக்கும் பூட்டு) அதற்கு இடம்தருவதில்லை. அது நல்லதே என்பது என் உறுதியான கருத்து. அனுமதித்தால், பாதி மட்டுமே மாற்றப்பட்ட லிஸ்ட்டை முழுமையானதென நம்பி உள்ஃபங்ஷன் கையாள, உறைதலைவிடக் கண்டுபிடிக்கக் கடினமான தரவுச் சிதைவு நேரும். லாக் ஏற்கெனவே பிடிக்கப்பட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் உள்வேலையைத் தனி ஃபங்ஷனாகப் பிரித்து, அதன் தொடக்கத்தில் லாக்டெப்_அசர்ட்_ஹெல்ட் (லாக் உண்மையில் பிடிக்கப்பட்டிருக்கிறதா எனச் சரிபார்க்கும் வரி) சேருங்கள். பிற இடங்களிலிருந்து அழைப்பதற்கு, லாக்கைப் பிடித்துக்கொண்டு அதை அழைக்கும் சிறு ஃபங்ஷன் ஒன்று போதும். இன்டரப்ட் ஹேண்ட்லரும் (வன்பொருள் அழைத்ததும் நடப்பு வேலையை இடைநிறுத்தி ஓடும் ஃபங்ஷன்) அதே லாக்கைக் கேட்குமானால், மற்ற இடங்களில் ஸ்பின்_லாக்_ஐஆர்க்யூசேவ் (லாக்கைப் பிடிக்கும்போதே அந்தச் செயலியில் இன்டரப்ட்டுகளை நிறுத்திவைப்பது) தேவை. 2006-இல் லினக்ஸ் 2.6.18 பதிப்புடன் வந்த, லாக் பிழைகளைக் கண்டறியும் கருவியான லாக்டெப்பைச் சோதனைக் கெர்னலில் இயக்கினால், இத்தகைய பிழையை அழைப்பு வரிசையோடு காட்டிவிடும்.