பேரூராட்சி அலுவலகக் கம்பத்தில் கறுப்புக் கொடி ஏற்றலாமா?

கேள்வி: ராமநாதபுரம் கடலோரத்தில் ஒரு பேரூராட்சியில் உறுப்பினராக இருக்கிறேன். எங்கள் ஊர் விசைப்படகு மீனவர்களை இலங்கைக் கடற்படை பிடித்துப் போய்விட்டது. அவர்கள் திரும்பும்வரை அலுவலகக் கொடிக்கம்பத்தில் கறுப்புக் கொடி பறக்க வேண்டும் என்று இளைஞர்கள் மனு கொடுத்திருக்கிறார்கள். இதைக் கேள்விப்பட்டு, திருவிழா நாட்களில் எங்கள் கொடியையும் ஏற்றுங்கள் என்று வேறு இரண்டு தரப்பார் வந்து நிற்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: அந்தக் கம்பத்தில் தேசியக் கொடியைத் தவிர வேறு எதையும் ஏற்ற வேண்டாம். மீனவர்களுக்காக மன்றம் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது, அதற்கும் வருகிறேன்.

முதலில் விதி. 2002ஆம் ஆண்டின் இந்தியக் கொடி விதித்தொகுப்புப்படி, தேசியக் கொடி பறக்கும் கம்பத்தில் அதே நேரத்தில் இன்னொரு கொடி பறக்கக் கூடாது. அதற்கு மேலேயோ, பக்கத்தில் சமமாகவோ வேறு கொடி இருக்கவும் கூடாது. அரைக்கம்பத்தில் பறக்கவிடுவதும் உங்கள் மன்றத்தின் கையில் இல்லை. அரசு உத்தரவு வர வேண்டும். இதையும் இப்போதே சொல்லிவிடுங்கள், இளைஞர்களின் அடுத்த கோரிக்கை அதுவாகத்தான் இருக்கும்.

சரி, தனியாக ஒரு கம்பம் நட்டால்? பொது இடங்களில் கட்சி, சாதி, மத அமைப்புகள் நட்ட நிரந்தரக் கம்பங்களை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2025 ஜனவரியில் உத்தரவிட்டது. மேல்முறையீடு வரை போன விவகாரம் அது. இந்தச் சூழலில் பேரூராட்சியே புதுக் கம்பம் நடுவது வம்பை விலைக்கு வாங்குவது. கர்நாடகத்தில் மண்டியா மாவட்டம் கெரகோடு கிராமத்தில் நடந்ததையும் நினைத்துக்கொள்ளுங்கள். தேசியக் கொடிக்கும் கன்னடக் கொடிக்கும் என்று அனுமதி வாங்கிய 108 அடி கம்பத்தில் அனுமன் கொடி ஏறியது. 2024 ஜனவரியில் அதிகாரிகள் அதை இறக்கி மூவர்ணக் கொடியை ஏற்ற, ஊர் போராட்டத்தில் இறங்கியது, போலீஸ் குவிந்தது.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துக் கதை இன்னும் நேரடியாக உங்களுக்குப் பொருந்தும். 2005 முதல் 2017 வரை, கேட்ட அமைப்புகளுக்கெல்லாம் நகர மன்ற வாசலில் கொடியேற்ற அனுமதி கொடுத்தார்கள். 284 முறை, ஒன்றைக்கூட மறுக்கவில்லை. 2017இல் ஒரு கிறிஸ்தவக் கொடிக்கு மட்டும் முடியாது என்றார்கள். 2022இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் அது தவறு என்றார்கள். எந்தக் கொடி ஏறுகிறது என்பதை நகரம் தன் பொறுப்பில் வைத்துக்கொள்ளவே இல்லை, ஆகவே அது நகரத்தின் குரல் ஆகாது, மதக் கொடி என்பதற்காக ஒருவரை மட்டும் மறுக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். அந்நாட்டுச் சட்டம் வேறு, ஆனால் சிக்கல் அதேதான். விதி எழுதாமல் கொடுக்கும் முதல் அனுமதியே விதியாகிவிடும். கறுப்புக் கொடிக்குச் சரி என்றால், வாசலில் நிற்கும் மற்ற இரண்டு தரப்பாருக்கு நீங்கள் என்ன காரணம் சொல்வீர்கள்?

நம் கரையில் மாதா கோயில் திருவிழா, ஏர்வாடி சந்தனக்கூடு, ராமேசுவரம் கோயில் விழா எல்லாமே கொடியேற்றத்தோடுதான் தொடங்குகின்றன. ஒவ்வொன்றுக்கும் அதற்கான இடமும் கம்பமும் இருக்கின்றன. வீட்டுவரி கட்டவும் பிறப்புச் சான்றிதழ் வாங்கவும் எல்லோரும் வந்துதான் ஆக வேண்டிய அலுவலகம் உங்களுடையது. அங்கே யாரும் இன்னொருவர் கொடிக்குக் கீழே நின்று கேட்பதுபோல் இருக்கக் கூடாது. (குளிக்க இறங்காதீர்கள் என்று கடற்கரையில் நடும் சிவப்புக் கொடி இதில் சேராது. அது எச்சரிக்கை.)

கறுப்புக் கொடியைப் பற்றி இளைஞர்களிடம் மனம்விட்டுப் பேசுங்கள். அது மக்கள் அரசைப் பார்த்துக் காட்டும் கொடி. படகிலும் வீட்டு வாசலிலும் பறக்கும்போதுதான் அதற்கு வலு. அரசு அலுவலகமே அதை ஏற்றிவிட்டால் யாரைப் பார்த்துக் காட்டுகிறது? மன்றத்துக்குக் கொடியைவிடப் பெரிய ஆயுதம் தீர்மானம். சிறப்புக் கூட்டம் கூட்டச் சொல்லி, பிடிபட்டவர்கள் பெயர், படகின் பதிவெண், பிடிபட்ட நாள், எந்தச் சிறையில் இருக்கிறார்கள் என்பதையெல்லாம் சேர்த்துத் தீர்மானம் போடுங்கள். கலெக்டர், மீன்வளத் துறை, முதல்வர் அலுவலகம், வெளியுறவு அமைச்சகம் என்று எல்லோருக்கும் நகல் போகட்டும். குடும்பங்களுக்கு அரசு தரும் தினசரி உதவித்தொகைக்கான மனுவை நீங்களே உடன் போய்க் கொடுங்கள். வீட்டில் அடுப்பெரிவது அதை நம்பித்தான். அலுவலக அறிவிப்புப் பலகையில் அந்தப் பெயர்களையும், இன்று எத்தனையாவது நாள் என்பதையும் தினமும் எழுத ஏற்பாடு செய்யுங்கள். அதற்கு எந்த விதியும் குறுக்கே நிற்காது.

அப்புறம், அதே கூட்டத்தில் இன்னொரு தீர்மானம்: அலுவலகக் கம்பத்தில் தேசியக் கொடி மட்டும். மூன்று தரப்பாரையும் ஒன்றாக அழைத்து இரண்டையும் படித்துக் காட்டுங்கள். தனித்தனியே சொன்னால், மற்றவருக்கு என்ன வாக்குக் கொடுத்தீர்களோ என்ற சந்தேகம் வந்துவிடும்.