கூடுதல் நேரம் சலுகையா? உதவி மையத்துக்கு வந்த கேள்விகள்

பல்கலைக்கழக மாணவர்களுக்கான மாற்றுத்திறனாளி உதவி மையத்தில் பணியாற்றுகிறேன். இந்தப் பருவத்தில் வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

எனக்கு டிஸ்லெக்சியா, அதாவது எழுத்துகளைப் படிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம். தேர்வில் மணிக்கு 20 நிமிடம் கூடுதலாகத் தருகிறார்கள். "அந்த நேரம் கிடைத்தால் நானும்தான் முதலிடம் வாங்குவேன்" என்கிறான் அறைத்தோழன். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாமா?

கொடுக்காதீர்கள். அந்த 20 நிமிடம் எங்கே போகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒரே கேள்வியை மூன்று முறை படிக்கிறீர்கள். இரண்டாவது வரியை முடிப்பதற்குள் முதல் வரி நழுவிவிடுகிறது. எழுதி முடித்ததும், எழுத்து எங்காவது இடம் மாறியிருக்கிறதா என்று மறுபடி தேடுகிறீர்கள். உங்கள் நண்பருக்கு இந்த வேலைகளே இல்லை. வினாத்தாள் இருவருக்கும் ஒன்றுதான், மதிப்பெண் போடும் முறையும் ஒன்றுதான். 2006-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் உடன்படிக்கை, நியாயமான வசதி ஏற்பாட்டை (கூடுதல் நேரம் போன்ற, தேவைக்கேற்ற மாற்றத்தை) மறுப்பதையே பாகுபாடு என்கிறது. அதன் 24-ஆம் பிரிவு உயர்கல்வியையும் வெளிப்படையாகக் குறிப்பிடுகிறது. அதனால்தான் 'சலுகை' என்ற சொல்லை நான் எந்தப் படிவத்திலும் எழுதுவதில்லை.

மூளை முடக்குவாதத்தால் என் கை நடுங்கும். கணிதத் தேர்வில் நான் சொல்லச் சொல்ல ஒருவர் எழுதுகிறார். சரியாகப் போட்ட கணக்குகூட விடைத்தாளில் தவறாகிவிடுகிறது.

கணக்கு உங்களுக்குத் தெரிகிறது, அது காதுவழியாகப் போகும்போதுதான் உருமாறுகிறது. 'எக்ஸ் கூட்டல் இரண்டு, வர்க்கம்' என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எழுதுபவர் இரண்டுக்கு மட்டும் வர்க்கம் போடலாம், அடைப்புக்குறி போட்டு மொத்தத்துக்கும் போடலாம். எக்ஸ் 3 என்றால் முதல் வகையில் விடை 7, இரண்டாம் வகையில் 25. ஆகவே 'அடைப்பு திற, எக்ஸ் கூட்டல் இரண்டு, அடைப்பு மூடு, மொத்தத்துக்கும் வர்க்கம்' என்று சொல்லும் பழக்கம் வர வேண்டும். இதற்குப் பயிற்சி தேவை. தேர்வில் எழுதப்போகிறவருடனேயே பழைய வினாத்தாள்கள் இரண்டையாவது முழுமையாக எழுதிப் பாருங்கள். முன்பின் தெரியாத ஒருவரைத் தேர்வு நாள் காலையில் கொண்டுவந்து உட்கார வைப்பதை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். விண்ணப்பத்தில், கணிதக் குறியீடுகளை எழுதத் தெரிந்தவர் வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். ஒவ்வொரு படியும் எழுதியதும் அதைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்த படிக்குப் போங்கள்.

நான் பார்வையற்ற மாணவி, தமிழ் முதுகலை படிக்கிறேன். துறையில் தரும் குறிப்புகளைத் திறந்தால், திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் திரை வாசிப்பான் மென்பொருள் 'எம், கே, செமிகோலன், கே, எச்' என்று ஏதோ வாசிக்கிறது. வேறு சில கோப்புகளில் சத்தமே இல்லை.

அது வாசித்தது 'அம்மா' என்ற சொல்லை! குறிப்பு பாமினி எழுத்துருவில் தட்டச்சாகியிருக்கிறது. கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். உங்கள் மென்பொருளில் எந்தக் குறையும் இல்லை. தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே சேமிக்கும் யூனிகோடு முறைக்கு மாற்றிக் கொடுத்தால் போதும், மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. சத்தமே வராத கோப்புகள் ஸ்கேன் செய்த படங்கள். அவற்றில் எழுத்தே இல்லை என்பதால் படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் எழுத்துணரி மென்பொருளில் போட்டு, பிறகு ஒரு மனிதர் மெய்ப்புப் பார்க்க வேண்டும். 'ண', 'ன' குழம்பிய சங்கப் பாடலை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்வீர்கள்? இந்த வேலைக்கு வாரக்கணக்கில் ஆகும். பாடநூல் பட்டியலைப் பருவம் தொடங்கும் முன்பே கேட்டு வாங்கி மையத்திடம் கொடுத்துவிடுங்கள். 'பதிப்புரிமை தடுக்கிறது' என்று யாராவது சொன்னால் 2013-இன் மராகேஷ் ஒப்பந்தத்தை நினைவூட்டுங்கள். அதில் சேர்ந்த நாடுகள், பார்வையற்றோருக்கான வடிவில் நூலைப் பிரதியெடுக்க உரிமையாளரின் அனுமதி தேவையில்லை என்று சட்டத்தில் இடம் தர வேண்டும்.

எனக்குக் காது மந்தம், உதட்டசைவைப் பார்த்துத்தான் பாடம் கேட்கிறேன். பேராசிரியர் கரும்பலகையைப் பார்த்தே பேசுகிறார். முன்வரிசையில் உட்காரச் சொல்கிறார்கள்.

முதுகைப் பார்க்க முன்வரிசை எதற்கு? முகமே தெரிந்தாலும் உதட்டசைவு முழுத் துணையாகாது. கண்ணாடி முன் நின்று 'பாடு', 'மாடு' என்று சொல்லிப் பாருங்கள், இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். பேராசிரியர் சட்டையில் குத்திக்கொள்ளும் மைக் உங்கள் காது கருவியுடன் நேரடியாக இணையும் ஏற்பாட்டைக் கேளுங்கள். பாடக் குறிப்பை முந்தைய நாளே கேளுங்கள். புதிய கலைச்சொற்களை முன்கூட்டியே பார்த்துவிட்டால் வகுப்பில் பாதிப் போராட்டம் குறையும். மற்ற மாணவர்கள் கேட்கும் கேள்வியைப் பேராசிரியர் உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பதையும், ஆசிரியருக்குப் போகும் ஏற்பாட்டுக் கடிதத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.

வலிப்பு நோய் இருப்பதை எல்லா ஆசிரியர்களிடமும் சொல்லியாக வேண்டுமா?

வேண்டியதில்லை. மருத்துவச் சான்று மையத்தோடு நிற்கட்டும். ஆசிரியருக்குப் போகும் கடிதத்தில் உங்களுக்கு என்ன ஏற்பாடு வேண்டும் என்பது இருந்தால் போதும், நோயின் பெயர் வேண்டாம். ஆனால் ஆய்வகத்தில் உடன் வேலை செய்யும் ஒருவருக்காவது வலிப்பு வந்தால் என்ன செய்வதென்று தெரிந்திருக்கட்டும்: ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

என் மகள் சக்கர நாற்காலியில் இருக்கிறாள். முதலாண்டு சேர்கிறாள். மையத்துக்கு நானே வந்து பேசலாமா?

வாருங்கள் அம்மா, ஆனால் பேசுவது அவளாக இருக்கட்டும். எந்த வாசல், எந்தக் கழிப்பறை, ஆய்வக மேசையின் உயரம் என்ன என்பதெல்லாம் அவள் கை அளந்து சொல்ல வேண்டியவை. வகுப்பு மாடியில் என்றால் தரைத்தளத்துக்கு மாற்றக் கேட்கலாம், லிஃப்ட் இருந்தாலும் கேட்கலாம். தீ விபத்தின்போது லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது. அப்போது அவளைக் கீழே கொண்டுவரப்போவது யார், எந்தப் படிக்கட்டு வழியாக என்பதைப் பெயரோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முதல் வாரத்திலேயே ஒரு முறை அந்த வழியில் அவளை அழைத்துப்போய் ஒத்திகை பார்க்கச் சொல்லுங்கள்.