பெயர் மாறினால் அழுக்கு போகாதா?

கேள்வி: சலவைத்தூள், பாத்திரம் கழுவும் திரவம், குப்பைப் பை, பேட்டரி என்று எங்கள் வீட்டில் எல்லாமே பல ஆண்டுகளாகப் பெயர்பெற்ற பிராண்டுகள்தான். நாங்கள் வழக்கமாகப் போகும் சூப்பர்மார்க்கெட் இப்போது இவற்றைத் தன் சொந்தப் பெயரில், குறைந்த விலைக்கு விற்கிறது. "இரண்டும் ஒரே தொழிற்சாலையில்தான் தயாராகின்றன, பெயருக்கு ஏன் காசைக் கொட்ட வேண்டும்?" என்பது என் கட்சி. "விலை குறைந்தால் தரமும் குறையும்" என்கிறார் கணவர். யார் சொல்வது சரி?

பதில்: இருவருக்கும் பாதி மதிப்பெண்தான்.

முதலில் உங்கள் கட்சி. ஒரே தொழிற்சாலை என்பது பல நேரங்களில் உண்மை. 2007இல் வட அமெரிக்காவில் செல்லப்பிராணிகளின் உணவில் மெலமைன் என்ற வேதிப்பொருள் கலந்திருந்தது தெரியவந்தபோது, மெனு ஃபுட்ஸ் என்ற ஒரே நிறுவனம் சுமார் 6 கோடி டப்பாக்களையும் பைகளையும் திரும்பப் பெற்றது. விலை உயர்ந்த பிராண்டுகளும் கடைகளின் சொந்தப் பிராண்டுகளுமாகப் பல பத்துப் பெயர்கள் அவற்றில் ஒட்டப்பட்டிருந்தன. ஆனால் கூரை ஒன்று என்பதால் செய்முறையும் ஒன்று என்று ஆகிவிடாது. ஒரே தையற்காரர் இருவருக்குத் தைத்தால் துணியும் ஒன்றாகிவிடுமா? எதை எவ்வளவு கலக்க வேண்டும் என்பதைச் சரக்கு வாங்குகிற நிறுவனம் முடிவு செய்யலாம்.

உங்கள் கணவரின் கட்சிக்கும் அடி இருக்கிறது. அமெரிக்கப் பொருளியலாளர்கள் நால்வர் 2015இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், தலைவலி மாத்திரை வாங்கும்போது பொதுமக்கள் 26 சதவீத நேரங்களில் பெயர்பெற்ற பிராண்டை எடுத்தார்கள். மருந்தாளுநர்கள் 9 சதவீத நேரங்களில்தான். உப்பு, சர்க்கரை, சமையல் சோடா போன்றவற்றில் தொழில்முறைச் சமையற்கலைஞர்களும் மற்றவர்களைவிட அதிகமாகக் கடைப் பிராண்டையே எடுத்தார்கள். உள்ளே இருப்பது என்ன என்று தெரிந்தவர்கள் வெளியே அச்சிட்ட பெயருக்கு மயங்கவில்லை.

ஆகவே பொருளைப் பார்த்துத்தான் தீர்ப்பு. சமையல் சோடா என்பது சோடியம் பைகார்பனேட், அவ்வளவுதான். அதில் பெயருக்கு வேலையே இல்லை. துணி வெளுக்கும் பிளீச் திரவத்தில் வேலை செய்வது சோடியம் ஹைப்போகுளோரைட். லேபிளில் அதன் சதவீதத்தையும் தயாரிப்புத் தேதியையும் பாருங்கள். இருப்பில் கிடக்கக் கிடக்க அதன் வீரியம் குறையும் என்பதால், புதிதாக வந்த கடைப் பாட்டில், பழைய பிராண்டுப் பாட்டிலைவிட நன்றாக வெளுக்கலாம். (எந்தப் பெயரில் வாங்கினாலும் அதை வினிகரோடோ அமிலத்தோடோ கலக்காதீர்கள், நச்சான குளோரின் வாயு கிளம்பும்.)

சலவைத்தூள் வேறு கதை. அது ஒரு கலவை. அழுக்கைப் பிரித்தெடுக்கும் வேதிப்பொருள்கள், நீரின் கடினத்தன்மையைக் குறைப்பவை, துணியை வெண்மையாகக் காட்டும் சாயங்கள், கறையை உடைக்கும் நொதிகள் (என்சைம்கள்) எல்லாம் சேர்ந்தது. நொதிகளில், ரத்தக் கறைக்கும் பால் கறைக்கும் புரோட்டியேஸ், கஞ்சிக் கறைக்கு அமைலேஸ், எண்ணெய்க்கு லிப்பேஸ். விலையைக் குறைக்க நினைப்பவர் முதலில் கை வைக்கக்கூடிய இடங்களில் ஒன்று இந்த நொதிகள். தூளில் சேர்க்கும் சோடியம் சல்பேட் என்ற உப்பு பெட்டியை நிரப்பும், தூளைக் கட்டிபிடிக்காமல் வைக்கும்; அழுக்கைத் தொடாது. கடைத் தூளின் லேபிளில் நொதிகள் இருந்தால் தைரியமாக முயன்று பாருங்கள். இல்லையென்றால் அன்றாடத் துணிக்குக் கடைத் தூள், கறை படிந்ததற்குப் பழைய பிராண்டு என்று இரண்டையும் வைத்துக்கொள்வதில் தவறில்லை. விலையையும் கிலோவுக்கு எவ்வளவு என்று பார்க்காமல் ஒரு சலவைக்கு எவ்வளவு என்று கணக்கிடுங்கள். கிலோ மலிவாக இருந்து, இரண்டு மடங்கு போட்டால்தான் வெளுக்கும் என்றால் லாபம் எங்கே?

பாத்திரம் கழுவும் திரவம் கெட்டியாக இருந்தால் வீரியம் அதிகம் என்று நினைப்பவர்கள் பலர். அந்தக் கெட்டித்தன்மையைச் சாதாரண உப்பைக் கலந்தே கொண்டுவர முடியும். நுரையும் அப்படித்தான்: கண்ணுக்கு விருந்து, அழுக்குக்கு எதிரியல்ல.

பேட்டரியில் ஒரு சின்ன எழுத்தைத் தேடுங்கள். பேனாத் தடிமன் பேட்டரியில் 'எல்ஆர்6' என்றிருந்தால் அல்காலைன், வெறும் 'ஆர்6' என்றால் துத்தநாகக் கார்பன். முன்னது பல மடங்கு உழைக்கும். ஒரு பிராண்டின் ஆர்6ஐவிடக் கடையின் எல்ஆர்6 மேல். குப்பைப் பையில் தடிமனைக் காட்டும் மைக்ரான் எண்ணையும் டிஷ்யூ தாளில் எத்தனை அடுக்கு, எத்தனை தாள் என்பதையும் பார்த்தால் போதும். இதை நான் அனுபவப்பட்டுத்தான் சொல்கிறேன். மைக்ரானைப் பார்க்காமல் வாங்கிய ஒரு மலிவுப் பை, மாடிப்படியின் நடுவில் வாயைப் பிளந்த நாளை எங்கள் கட்டடத்தில் யாரும் இன்னும் மறக்கவில்லை.

உங்கள் வீட்டு வழக்குக்கு ஒரு பரிசோதனை. ஒரே மாதிரியான இரண்டு டப்பாக்களில் இரண்டு தூள்களையும் நிரப்பி, 1, 2 என்று மட்டும் எழுதச் சொல்லுங்கள். நிரப்புகிறவர் உங்கள் இருவரில் ஒருவராக இருக்கக் கூடாது. இரண்டு வாரம் மாற்றி மாற்றித் துவைத்த பிறகு சொல்லுங்கள், எது எது என்று. என் வீட்டில் செய்தபோது நான் வாசனையை வைத்துக் கண்டுபிடித்துவிட்டேன். துணியை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. அத்தனை ஆண்டுகளாக விசுவாசம் காட்டியது என் மூக்குதான்.

கடைப் பிராண்டே ஜெயித்தாலும் கண்ணை மூடிக்கொண்டு அதற்கு மாறிவிடாதீர்கள். அதுவும் ஒரு பிராண்டுதான். தயாரித்துக் கொடுப்பவரைக் கடை மாற்றினால் பெட்டி அப்படியே இருக்கும், உள்ளே இருப்பது மாறியிருக்கலாம். வருடத்துக்கு ஒருமுறையாவது பின்பக்கத்தைப் புரட்டுங்கள். தள்ளுபடி நாட்களில் பெரிய பிராண்டே மலிவாகக் கிடைப்பதும் உண்டு.

கேள்வி: என் மகளுக்குத் தோல் ஒவ்வாமை. ஒரே ஒரு சலவைத் திரவம்தான் ஒத்துக்கொள்கிறது. சிக்கனத்துக்காக மாற்றலாமா?

பதில்: மாற்றாதீர்கள். சிக்கனத்தைக் குப்பைப் பையில் காட்டுங்கள். என்றாவது அந்தத் திரவம் கிடைக்காமல் போனால், 'வாசனைப் பொருள் சேர்க்காதது' என்று எழுதியிருப்பதைத் தேடுங்கள். 'வாசனையற்றது' என்பது வேறு: மற்ற நெடியை மறைப்பதற்காக அதில் வாசனைப் பொருள் சேர்த்திருக்கக்கூடும்.