தலைமை கடைசியாகப் பேசட்டும்

"அலுவலகக் கூட்டங்கள் இழுபடாமல், ஒரு முடிவோடு எழும்ப என்ன செய்யலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்தில் ஓர் அபிவிருத்தி நிறுவனத்தில் கூட்டங்களை ஒழுங்குபடுத்துவதும் என் வேலைகளில் ஒன்று. என்னைக் கேட்டால், எத்தனை மணிநேரம் என்பதைவிட யார் முதலில் பேசுகிறார் என்பதுதான் முக்கியம்.

எங்கள் ஊர்க் கந்தோர்களில் பணிப்பாளர் ஐயா முதலில் கருத்துச் சொல்லிவிட்டால் அத்தோடு சரி. எல்லாரும் "ஓம் ஐயா". உண்மையான கூட்டம் பிறகு தேத்தண்ணிக் கடையில் நடக்கும்: "இது சரிவராது, மாரியில அந்த றோட்டால வாகனம் போகாது." அது தெரிந்த களப் பணியாளர் உள்ளே வாய் திறந்திருக்கமாட்டார். ஆகவே பதவியில் இளையவர்களிடமிருந்து தொடங்குங்கள்; ஐயா கடைசி. இதை அவரிடம் முன்கூட்டியே தனியாகச் சொல்லி வையுங்கள். சபையில் வைத்துச் சொன்னால் பிறகு உங்கள் பாடு.

நிகழ்ச்சி நிரலில் "வாகனம்" என்று மட்டும் போட்டால் சாரதியின் மேலதிக நேரக் கொடுப்பனவு முதல் ஏசி பழுதுவரை எல்லாம் வந்துவிடும். "நாலு டயரையும் இந்த மாதம் மாற்றுவதா, பின் இரண்டை மட்டுமா?" என்று கேள்வியாகவே போடுங்கள். விலைக்கோரல்களை முதல்நாளே வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் பாதிப் பேர் பார்க்கமாட்டார்கள். அதனால் முதல் பத்து நிமிடம் எல்லாரையும் பேசாமல் வாசிக்க விடுங்கள். அமேசான் நிறுவனத்தில் 2004இல் ஜெஃப் பெசோஸ் பவர்பொயின்டை நிறுத்தியபிறகு வந்த பழக்கம் இதுதான். படவில்லைகளுக்குப் பதிலாக அங்கே வாசிக்கக் கொடுக்கும் குறிப்பு ஆறு பக்கம். எங்களுக்கு ஒன்று போதும்.

அணுவுலைக்குச் சட்டென்று தலையாட்டிவிட்டு, சைக்கிள் கொட்டகைக்கு மல்லுக்கட்டும் குழுவைப் பற்றி பார்க்கின்சன் என்ற பிரித்தானியர் 1957இலேயே எழுதியிருக்கிறார். எங்களிடம் அது வாணி விழாச் சிற்றுண்டி. பெற்றிஸா ரோல்ஸா என்பதில் எல்லாருக்கும் கருத்து உண்டு. வருடாந்த வரவுசெலவில் ஒருவருக்கும் இல்லை. இப்படியானவற்றை இரண்டு பேரிடம் ஒப்படைத்து நிரலில் இருந்தே எடுத்துவிடுங்கள்.

கூட்ட அறிக்கையில் "நடவடிக்கை எடுக்கப்படும்" என்று எழுத விடாதீர்கள். யார், எந்தத் திகதிக்குள் என்று எழும்புமுன் வாசித்துக் காட்ட வேண்டும். பொறுப்பெடுக்க ஆள் இல்லையென்றால் அந்தத் தீர்மானத்தையே வெட்டுங்கள்.

அப்புறம், பின்னேரம் மூன்று மணிக்குக் கூட்டம் வைக்காதீர்கள். பருத்தித்துறைக்கும் ஊர்காவற்றுறைக்கும் பஸ் பிடிக்க வேண்டியவர்கள் மணிக்கூட்டைப் பார்த்தபடி எதற்கும் சம்மதிப்பார்கள். காலை பதினொன்று நல்லது. மத்தியானப் பசி வந்ததும் பேச்சாளர்கள்கூடச் சுருக்கிக்கொள்வார்கள்.