பழைய டிரம்பெட்டும் ஜாஸ் நாதமும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

பழைய டிரம்பெட்டுகள் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் வந்த கேள்விகளில் பாதி, அமெரிக்க ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் ஊதிய மார்ட்டின் டிரம்பெட்டைப் பற்றித்தான். நானும் அந்த ஆசையில்தான் இந்தப் பக்கம் வந்தேன். இருபது வருடத்துக்கு மேலாக ஊதியும், நண்பர்களின் கருவிகளைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டியும் தெரிந்துகொண்டதை வைத்துப் பதில் சொல்கிறேன்.

ஜாஸ் என்றாலே 'மார்ட்டின் கமிட்டி' என்கிறார்களே சார், அதில் அப்படி என்ன இருக்கிறது? பெயரும் வித்தியாசமாக இருக்கிறது. (திருச்சி வாசகர்)

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் எல்கார்ட் என்று ஒரு ஊர். பட்டுக்குக் காஞ்சிபுரம் மாதிரி, பித்தளை வாத்தியங்களுக்கு எல்கார்ட். கான், மார்ட்டின் என்று பெரிய கம்பெனிகள் அங்கேதான் இருந்தன. மார்ட்டின் கம்பெனி 1940 வாக்கில் இந்த மாடலைக் கொண்டுவந்தது. தேர்ந்த கலைஞர்களின் குழு ஒன்று கலந்து பேசி உருவாக்கியது என்று விளம்பரம் செய்தார்கள், அதனால்தான் 'கமிட்டி'. வடிவமைப்பில் பெரும்பங்கு ரெனால்ட் ஷில்கேயுடையது. பின்னாளில் சிகாகோவில் தன் பெயரிலேயே டிரம்பெட் செய்தவர் அவர்.

மைல்ஸ் டேவிஸ், டிஸ்ஸி கில்லெஸ்பி, செட் பேக்கர், லீ மார்கன், கென்னி டோர்ஹம் எல்லாரும் இதை ஊதியிருக்கிறார்கள். சத்தம் கொஞ்சம் இருண்டது, அகலமானது. ஓரங்களில் புகை படிந்த மாதிரி இருக்கும். மெதுவாக ஊதினாலும் சத்தம் மெலிந்து போகாது, நடுவில் சதை இருக்கும். 1959-ல் மைல்ஸ் பதிவு செய்த 'கைண்ட் ஆஃப் ப்ளூ' இசைத்தட்டில் மியூட் (சத்தத்தை அடக்க வாயில் செருகும் அடைப்பு) இல்லாமல் அவர் ஊதும் இடங்களைக் கேளுங்கள். ஒரே சுரத்தை நீட்டிப் பிடிக்கும்போதுகூட அதன் நிறம் உள்ளுக்குள் மாறிக்கொண்டே இருக்கும்.

நான் நாதஸ்வரம் படிக்கிறேன். எங்கள் கமகம் போல டிரம்பெட்டில் சுரத்தை வளைக்க முடியுமா? அதற்குப் பழைய கருவிதான் வேண்டுமா அண்ணா? (தஞ்சைப் பக்கம் ஒரு மாணவர்)

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, தம்பி. கமிட்டியின் ரகசியமே இதில்தான் இருக்கிறது.

டிரம்பெட்டில் விரலால் அழுத்தும் வால்வு மூன்றுதான். மற்ற சுரமெல்லாம் உதட்டால் பிடிப்பது. குழாய்க்குள் இருக்கும் காற்று சில சுரங்களில் மட்டும் நன்றாக ஒத்து அதிரும். உதடு அதன் பக்கத்தில் போனதும் கருவியே அந்த இடத்துக்கு இழுத்துக்கொள்ளும். இதை வாசிப்பவர்கள் 'ஸ்லாட்' என்பார்கள். வண்டிச் சக்கரம் தடத்தில் விழுவது மாதிரி. சில கருவிகளில் தடம் ஆழம், விழுந்தால் அசையாது. ஆர்கெஸ்ட்ராவில் அது பெரிய வரம். கமிட்டியில் தடம் ஆழமில்லாமல் அகலமாக இருக்கும். உதட்டையும் மூச்சையும் கொஞ்சம் தளர்த்தினால் சுரம் கீழே சரியும், இறுக்கினால் மேலே ஏறும். ப்ளூஸில் வரும் அந்த அரைகுறைச் சுரங்களுக்கு இது அமிர்தம்.

ஆனால் இதே குணம் ஆளைத் திணறவும் வைக்கும். கருவி உங்களைச் சுருதியில் நிறுத்தாது. காதுதான் நிறுத்த வேண்டும். சுருதிப் பெட்டியோடு வளர்ந்த உங்களுக்கு இது மற்றவர்களைவிடச் சுலபமாக வரும் என்று நினைக்கிறேன். இரண்டாவது கேள்விக்குப் பதில்: பழையதுதான் வேண்டும் என்றில்லை. கையில் இருக்கும் டிரம்பெட்டிலேயே வால்வை மாற்றாமல் சுரத்தை அரை இடம் கீழே இறக்கி, மறுபடி ஏற்றிப் பழகுங்கள். உங்கள் உதடு தயாராக இருந்தால் கமிட்டி கைக்கு வரும் நாளில் அது பேசும்.

மவுண்ட் வெர்னன் பாக், பெசோன், பெஞ்ஜி என்றெல்லாம் பெயர்கள் அடிபடுகின்றன. இவற்றுக்குள் என்ன வித்தியாசம்?

எல்லாம் ஒரே வேரிலிருந்து வந்தவை. பாரிஸில் பெசோன் செய்த டிரம்பெட்டுகள்தான் தாய். இனிமையும் பளபளப்பும் கலந்த சத்தம். ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்கா வந்த வின்சென்ட் பாக், முதலில் மவுத்பீஸ் (உதடு வைத்து ஊதும் பகுதி) செய்து, 1920-களின் நடுவில் நியூயார்க்கில் டிரம்பெட் செய்ய ஆரம்பித்தார். பெசோனிலிருந்து நிறையக் கற்றுக்கொண்டு, அதைவிடக் கெட்டியான சத்தத்துக்குப் போனார். பட்டறை 1953-ல் மவுண்ட் வெர்னனுக்கு மாறியது. 1961-ல் கம்பெனியைச் செல்மர் என்ற இன்னொரு வாத்தியக் கம்பெனி வாங்கியபின், தயாரிப்பு எல்கார்ட்டுக்குப் போனது. போவதற்கு முன் செய்தவைதான் இன்று தேடப்படுகின்றன. நடுவில் திடமான சத்தம், சுருதி நிலையாக நிற்கும், தூரம் போகும். இன்றைக்குப் பெரும்பாலான டிரம்பெட்டுகளின் 'போர்' அளவு, அதாவது குழாயின் உள்விட்டம், 0.459 அங்குலம், அதாவது 11.66 மில்லிமீட்டர். அது பாக் பிரபலப்படுத்திய அளவுதான்.

எல்டன் பெஞ்ஜி, 1930-களில் சிகாகோ சிம்ஃபனியில் முதல் டிரம்பெட் ஊதியவர். அவரும் பெசோனைப் பார்த்துத்தான் ஆரம்பித்தார், ஆனால் லேசாகவும் வேகமாகவும் கொண்டுபோனார். 1953-ல் கலிஃபோர்னியாவின் பர்பேங்கில் குடியேறினார். அங்கே செய்தவை கூர்மையான, வெளிச்சமான சத்தம் தரும். பெரிய பேண்டில் மேல் ஸ்தாயி ஊதுபவர்களுக்கு ஏற்றவை. சின்ன அறையில் பியானோவோடு மெதுவான பாட்டு வாசிக்க என்னைக் கேட்டால் கமிட்டியையோ பழைய பாக்கையோதான் எடுப்பேன்.

டிஸ்ஸி கில்லெஸ்பியின் டிரம்பெட்டில் வளைந்த பெல் (முன்னால் விரிந்திருக்கும் வாய்) விளம்பரத்துக்காகச் செய்ததா?

இல்லை. 1953 ஜனவரி 6 அன்று நியூயார்க்கில் அவர் மனைவி லொரெய்னின் பிறந்தநாள் விருந்து நடந்தது. ஸ்டாண்டில் வைத்திருந்த டிரம்பெட் மேல் யாரோ விழுந்து பெல் மேல்நோக்கி வளைந்துவிட்டது. அப்படியே ஊதிப் பார்த்தவருக்குத் தன் சத்தம் தனக்கே சீக்கிரம் வந்து சேர்வது பிடித்துப்போயிற்று. இன்னொரு வசதியும் உண்டு: நோட்ஸைக் குனிந்து பார்த்து வாசித்தாலும் பெல் தரையைப் பார்க்காது. அதன்பிறகு 45 டிகிரி வளைத்தே செய்து வாங்கினார். முதலில் மார்ட்டின், பிறகு கிங். அவருடைய கிங் டிரம்பெட் ஒன்று இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

லூயி ஆம்ஸ்ட்ராங் ஊதியது எது?

பாரிஸ் செல்மர். 1930-களிலிருந்து கடைசிவரை அதுதான். வால்வுகளைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்து, கை நீட்டிப் பிடிக்க வசதியாக 'பேலன்ஸ்ட்' என்று ஒரு மாடலையே செல்மர் செய்தது. சத்தம் பெருங்கோயில் மணி போலத் திறந்திருக்கும். ஆனால் ஆம்ஸ்ட்ராங் எதை ஊதினாலும் அப்படித்தான் கேட்டிருக்கும் என்பது என் நம்பிக்கை.

கமிட்டி வாங்கினால் மைல்ஸ் மாதிரி சத்தம் வருமா? நேராகச் சொல்லுங்கள். (சிங்கப்பூர் வாசகி)

வராது, அம்மா. ஆனால் அவருடைய சத்தத்தை நெருங்க வேறு வழிகள் இருக்கின்றன, செலவும் குறைவு.

முதலில் மவுத்பீஸ். நாதஸ்வரக்காரர் சீவாளிக்கு எவ்வளவு மெனக்கெடுவாரோ, அவ்வளவு மெனக்கெட வேண்டியது இதற்குத்தான். மைல்ஸ் பயன்படுத்தியது 'ஹைம்' என்ற பழைய வகை. கிண்ணம் ஆழமாக, புனல்போல இறங்கும். ஆழம் கூடினால் சத்தத்தின் பளபளப்பு குறைந்து உருண்டையாகும். உங்கள் டிரம்பெட்டில் 7சி என்ற வழக்கமான மவுத்பீஸ் இருந்தால், ஆழமான கிண்ணம் ஒன்றை மாட்டி ஒரு மாதம் ஊதிப் பாருங்கள்.

அடுத்தது ஹார்மன் மியூட். நடுவில் இருக்கும் தண்டை எடுத்துவிட்டு, மைக்கை ஒட்டி, மிக மெதுவாக ஊதினால் வருவதுதான் அந்தத் தனிமையான சத்தம். அதில் மைக்குக்கும் பங்கு உண்டு. மூன்றாவது, அதிர்வு இல்லாமல் நேராகச் சுரம் பிடிப்பது. அவர் காலத்துக்கு முந்தையவர்கள் பலர் நீண்ட சுரத்தின் கடைசியில் ஒரு நடுக்கம் கொடுப்பார்கள்; அவர் பெரும்பாலும் கொடுக்க மாட்டார். இதற்குக் காசே தேவையில்லை.

பித்தளை பழையதானால் சத்தம் இனிமையாகும் என்கிறார்களே?

எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. சத்தத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் உள்ளே இருக்கும் காற்றுத்தூணின் வடிவம். லீட்பைப், அதாவது மவுத்பீஸ் செருகும் முதல் குழாய், எப்படி விரிகிறது, பெல் எங்கே அகலமாகிறது என்பதுதான். தகட்டின் கனம் எதிரில் உட்கார்ந்து கேட்பவரைவிட ஊதுபவருக்குத்தான் அதிகம் தெரியும். ஊதும்போது கையில் ஓர் உயிர் துடிப்பது மாதிரி இருக்கும். அந்த உணர்வு வாசிப்பையும் மாற்றும், அதை மறுக்க மாட்டேன்.

பட்ஜெட் குறைவு. பழைய டிரம்பெட் ஒன்று வேண்டும், ஜாஸ் படிக்க. (கல்லூரி மாணவர், கோவை)

ஓல்ட்ஸ் அம்பாசடர். யோசிக்கவே வேண்டாம். லாஸ் ஏஞ்சலஸிலும் பிறகு ஃபுல்லர்டனிலும் பள்ளி மாணவர்களுக்காகச் செய்தது. வெளிநாட்டுச் சந்தையில் இன்றும் சில நூறு டாலருக்குக் கிடைக்கிறது. நல்ல கமிட்டிக்குச் சில ஆயிரம் ஆகும். மாணவர் கருவி என்று பெயர்தான், கட்டுமானம் இரும்பு. சத்தம் வெதுவெதுப்பாக, கொஞ்சம் அகலமாக, ஜாஸுக்குப் பொருத்தமாக இருக்கும். ஓல்ட்ஸ் தொழிற்சாலை 1979-ல் மூடப்பட்டது எனக்கு இன்றும் வருத்தம். அதே கம்பெனியின் 'ரெக்கார்டிங்' மாடல் கிடைத்தால் இன்னும் விசேஷம், ஆனால் விலை ஏறிவிட்டது. கான் கம்பெனியின் 38பி கான்ஸ்டெல்லேஷனையும் சிலர் சொல்வார்கள். கனமான, அடர்ந்த சத்தம். ஆனால் முதல் கருவியாக நான் சொல்ல மாட்டேன், மூச்சுக்கு வேலை அதிகம்.

வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

இதில் பணம் தொலைத்தவன் நான். ஆசைப்பட்டு வாங்கிய முதல் கமிட்டி, பார்க்கக் கண்ணாடி மாதிரி மின்னியது. ஊதினால் கமிட்டியே இல்லை. யாரோ லீட்பைப்பை மாற்றியிருந்தார்கள். விற்றவர் அதைச் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தெரியவில்லை. அந்தக் கருவியின் குணம் பாதி அந்தச் சின்னக் குழாயில்தான் இருந்தது என்பது அப்புறம்தான் புரிந்தது. அதனால் முதல் கேள்வி: எதெல்லாம் மாற்றப்பட்டது?

அடுத்து வால்வு. மூன்றாவது வால்வின் ஸ்லைடை (இழுத்து நீட்டும் குழாய்), வால்வை அழுத்தாமல், கொஞ்சம் வெளியே இழுத்து வைத்துவிட்டு, சில நொடி கழித்து அந்த வால்வை அழுத்துங்கள். 'டப்' என்று சத்தம் வந்தால் காற்று கசியவில்லை. சத்தமே இல்லையென்றால் வால்வு தேய்ந்திருக்கலாம். கெட்டியான எண்ணெய் கொஞ்ச நாள் தாங்கும், ஆனால் நிரந்தரத் தீர்வு மறு முலாம்தான்; அது செலவு பிடிக்கும்.

லீட்பைப்பின் வெளிப்பக்கம் இளஞ்சிவப்புப் புள்ளிகள், நடுவில் கருப்புப் பொட்டு தெரிகிறதா பாருங்கள். மூச்சின் ஈரமும் எச்சிலும் பித்தளையிலிருந்து துத்தநாகத்தை அரித்துவிட்டு வெறும் செம்பை மிச்சம் வைத்த அடையாளம் அது. உள்ளிருந்து வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம்.

பளபளப்பைப் பார்த்து மயங்காதீர்கள். பழைய கருவிக்குப் புது லாக்கர் (மேல்பூச்சு) அடித்திருந்தால், அதற்கு முன் எந்திரத்தில் தேய்த்திருப்பார்கள். தேய்த்தால் தகடு மெலியும். பொறித்த எழுத்துகள் மழுங்கியிருக்கிறதா என்று பாருங்கள், தெரிந்துவிடும். லாக்கர் உரிந்து, கைபட்ட இடம் பழுப்பேறிய கருவியைத்தான் நான் நம்புவேன். நடு வால்வு மேல் சீரியல் எண் இருக்கும். அதை வைத்து ஏறக்குறைய எந்த வருடம் என்று கண்டுபிடிக்கலாம்.

தாத்தா வைத்திருந்த கார்னெட் (டிரம்பெட் போன்ற ஊதுகருவி) ஒன்று பரணில் கிடைத்தது. ஊதினால் பியானோவோடு சேரவே மாட்டேன் என்கிறது. மேலே 'எச்.பி.' என்று இருக்கிறது. பழுதா ஐயா?

பழுதில்லை. 'ஹை பிட்ச்' என்பதன் சுருக்கம் அது. 1920-களுக்கு முன் பல பேண்டுகள் இன்றைய 440 ஹெர்ட்ஸைவிட மேலே, 457 வரைகூட, சுருதி வைத்துக்கொண்டன. அதற்கென்று செய்த கருவி. சிலவற்றோடு 'எல்.பி.' என்று எழுதிய நீளமான ஸ்லைடு ஒன்று சேர்ந்து வரும். பரணில் இன்னொரு முறை தேடிப் பாருங்கள், பெட்டியின் துணிக்கு அடியிலும் கைவிட்டுப் பாருங்கள். அது கிடைத்தால் இன்றைய பியானோவோடு சேர்ந்துவிடும். கிடைக்காவிட்டாலும் அதை யாரும் வெட்டி ஒட்ட விடாதீர்கள். தனியாக ஊதுங்கள்.