சின்னக் கல்லூரியா, பெரிய பல்கலைக்கழகமா? ஹட்டன் தங்கச்சிக்கு என் பதில்

தங்கச்சி, உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்டது இப்படி: ஏ.எல். உயிரியல் பிரிவில் படித்துவிட்டு அமெரிக்காவுக்கு விண்ணப்பித்தீர்கள், இரண்டு இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று ஆயிரத்துச் சொச்சம் பேர் படிக்கிற லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி (கலை, விஞ்ஞானம் எல்லாம் கலந்து பட்டப்படிப்பு மட்டத்தில் சொல்லித்தருகிற சின்னக் கல்லூரி), கிட்டத்தட்ட முழுச் செலவையும் அவர்களே ஏற்கிறார்கள். மற்றது நாற்பதாயிரம் பேர் படிக்கிற மாநிலப் பல்கலைக்கழகம், கட்டணத்தில் ஒரு பங்குதான் கழிவு. வீட்டில் எல்லோரும் பெரியதுக்கே போகச் சொல்கிறார்கள், சின்னதின் பெயரை ஹட்டன் டவுனில் ஒருத்தருக்கும் தெரியாது என்பதால்.

நான் சின்னதைத்தான் சொல்வேன். காசு ஒரு காரணம், அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் தலவாக்கலைப் பக்கத் தோட்டப் பிள்ளை. பேராதனையில் விஞ்ஞான பீடம், அப்புறம் அமெரிக்காவில் ஒரு பெரிய மாநிலப் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் மேற்படிப்பு. அங்கே என் சாப்பாட்டுக்கு வழி பண்ணியது ஆராய்ச்சி இல்லை, முதலாம் வருடப் பிள்ளைகளுக்கு ஆய்வுகூட வகுப்பு எடுத்த வேலை. பெரிய பல்கலைக்கழகங்களில் முதலிரண்டு வருடம் பெரும்பாலும் அப்படித்தான் ஓடும்: முந்நூறு பேர் உட்கார்ந்த மண்டபத்தில் பேராசிரியர் வந்து ஐம்பது நிமிடம் பேசிவிட்டுப் போவார், மிச்சத்தைப் பார்ப்பது என்னைப் போன்ற மேற்படிப்பு மாணவர்கள். நாங்கள் மோசமில்லை, ஆனால் எங்களுக்கும் சொந்தப் பரீட்சை, சொந்த ஆய்வு, சொந்தத் தூக்கம் எல்லாம் இருக்கும், உங்கள் அறிக்கையைத் திருத்துவது அதற்கெல்லாம் பிறகுதான்.

ஒரு பிள்ளை, கெட்டிக்காரி, வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். மேற்படிப்புக்குப் போக பேராசிரியரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்டாள். அவர் அதை எனக்கு அனுப்பி, நீ எழுது, நான் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். நானும் மனமார எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் அவளைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? அட்டவணைக்குக் கோடு போட்டு நேர்த்தியாக எழுதுவாள், குடுவைகளைக் கழுவி வைத்துவிட்டுத்தான் போவாள். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. அந்தக் கடிதத்தோடுதான் அவள் போட்டிக்குப் போனாள்.

சின்னக் கல்லூரிகளில் பெரும்பாலும் மேற்படிப்பு மாணவர்களே கிடையாது. வில்லியம்ஸ் மாதிரி பெயர் பெற்ற கல்லூரியிலேயே மொத்தம் சுமார் 2,000 பேர்தான். அதனால் பாடம் எடுப்பதும் பேராசிரியர், திருத்துவதும் அவரே, அவருடைய ஆய்வுகூடத்தில் கைக்கு உதவியாக நிற்கப்போவதும் உங்களைப் போன்ற பட்டப்படிப்புப் பிள்ளைதான். அங்கே பரிந்துரைக் கடிதம் கேட்டால், எழுதுகிறவருக்கு உங்களைத் தெரிந்திருக்கும்.

இன்னொன்றும் கண்ணால் பார்த்தேன். என் சிநேகிதியின் தங்கை, பண்டாரவளைப் பிள்ளை, ஒரு சின்னக் கல்லூரியில் படித்தாள். பார்க்கப் போனபோது அனுமதி கேட்டு அவள் வகுப்பில் ஒரு மூலையில் உட்கார்ந்தேன். ஒரு நீள்வட்ட மேசை, பத்துப் பன்னிரண்டு பேர். ஆசிரியர் அவளிடம் ஏதோ கேட்டார், அவள் பேசவில்லை. அவரும் பேசவில்லை, சும்மா காத்திருந்தார். எனக்கே வியர்த்துவிட்டது. கடைசியில் அவள் சொன்னாள், இலக்கணம் எல்லாம் உடைந்த ஆங்கிலத்தில்தான், அவர் அதைப் பலகையில் எழுதி, சரி, இதை மறுத்துப் பேசுங்கள் பார்ப்போம் என்று மற்றவர்களை ஏவிவிட்டார். நமக்குப் பள்ளிக்கூடத்தில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தால்தான் நல்ல பிள்ளை என்று பெயர். பெரிய மண்டபத்தில் அந்த நல்ல பிள்ளையாகவே நான்கு வருடமும் இருந்துவிட்டு வரலாம், யாரும் கேட்க மாட்டார்கள். அந்த மேசையில் அது நடக்காது.

இதற்கு ஒரு விலை இருக்கிறது, அதை மறைத்தால் பாவம். பேராதனையும் பெரியதுதான், ஆனால் 1952-இல் கொழும்பிலிருந்து அங்கே கொண்டுபோனபோதே பிள்ளைகள் தங்கிப் படிக்கிற இடமாகத்தான் கட்டினார்கள். நான் போனபோது தமிழ்ச் சங்கம் இருந்தது, வெள்ளிக்கிழமை குறிஞ்சிக் குமரன் கோயில் இருந்தது, விரிவுரையில் விளங்காததை இரவில் குப்பி போட்டுச் சொல்லித்தர ஒரு அண்ணாவோ அக்காவோ இருந்தார்கள். அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகத்திலும் கிட்டத்தட்ட அதே கதை, தமிழ்நாட்டுப் பிள்ளைகளே கூட்டமாக இருப்பார்கள், ஊரில் இந்தியக் கடை இருக்கும், கறிவேப்பிலை கிடைக்கும். சின்னக் கல்லூரி இருக்கிற ஊரில் நீங்கள் ஒருவர்தான் தமிழாக இருக்கலாம். முதல் குளிர்காலம் கஷ்டம், நுவரெலியாக் குளிர் தெரியும் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். பண்டாரவளைப் பிள்ளை அந்த வருடம் முழுக்க அம்மாவுக்கு வீடியோ அழைப்பு எடுத்து அழுதாள்.

பெயர் தெரியாத கல்லூரி என்ற கவலைக்கு அதிகம் இடம் கொடுக்க வேண்டாம். ஆம்ஹர்ஸ்ட், ஸ்வார்த்மோர் என்று ஹட்டனில் சொன்னால் யாருக்கும் தெரியாது, ஆனால் மேற்படிப்புக்கு ஆள் எடுக்கிறவர்களுக்கு நன்றாகவே தெரியும். (அமெரிக்கக் கல்லூரி முறை நம் நாட்டுக்குப் புதிதும் இல்லை. 1823-இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கியவர்கள் அமெரிக்க மிஷனரிமார்தான், அங்கே படித்த சி. வை. தாமோதரம்பிள்ளை பிறகு சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவரானார்.) நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: திரும்பி வந்து அரசாங்க வேலைக்குப் போகிற எண்ணம் இருந்தால், நம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அந்தக் கல்லூரியை அங்கீகரிக்கிறதா என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பொறியியல் என்றால் என் பதிலே வேறாக இருந்திருக்கும். ஹார்வி மட், ஸ்மித், ஸ்வார்த்மோர் மாதிரி சிலவற்றைத் தவிர இந்தக் கல்லூரிகளில் பொறியியல் கிடையாது. மூன்று வருடம் சின்னக் கல்லூரியில், பிறகு இரண்டு வருடம் வேறொரு பல்கலைக்கழகத்தில் பொறியியல் என்று ஒரு வழி உண்டு, ஆனால் அந்த இரண்டு வருடக் காசை யார் தருவது என்று யோசித்தால் தலை சுற்றும். உயிரியலுக்கு அந்தச் சிக்கல் இல்லை. வீட்டில் உயிரியல் என்றதும் டொக்டர் என்று எண்ணிக்கொண்டிருந்தால் மட்டும் இப்போதே பேசிவிடுங்கள். அமெரிக்காவில் மருத்துவம் பட்டத்துக்குப் பிறகு படிப்பது, வெளிநாட்டுப் பிள்ளைகளை எடுக்கிற மருத்துவக் கல்லூரிகள் கொஞ்சம்தான். அந்த ஆசைக்கு இரண்டு இடமுமே வழி இல்லை.

இனிக் காசு. மாநிலப் பல்கலைக்கழகங்கள் அந்த மாநிலத்து வரிப்பணமும் பெற்று ஓடுகிறவை, பொதுவாக வெளிநாட்டுப் பிள்ளையின் குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவி செய்ய மாட்டார்கள். சின்னத் தனியார் கல்லூரிகளில் சிலவற்றிடம் பெரிய நிதியம் இருக்கிறது. ஆம்ஹர்ஸ்ட், போடின் இரண்டும் வெளிநாட்டுப் பிள்ளைக்குக்கூட கையில் காசு இருக்கிறதா என்று பாராமல் இடம் தருகின்றன. கென்டக்கி மாநிலத்தில் பெரியா (Berea) என்று ஒரு கல்லூரி இருக்கிறது, 1855-இல் தொடங்கியது, அங்கே பாடக் கட்டணம் யாரிடமும் வாங்குவதில்லை, அதற்குப் பதிலாக ஒவ்வொரு பிள்ளையும் வாரம் 10 மணித்தியாலமாவது வேலை செய்ய வேண்டும். உங்களுடைய பெரிய பல்கலைக்கழகம் கழித்தது போக மிச்சம் நான்கு வருடமும் உங்கள் தலையில்தான், கட்டணம் வருடா வருடம் ஏறும். மாணவர் விசாவில் தவணைக் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம், அது கைச்செலவுக்குக் காணும், கட்டணத்துக்குக் காணாது. கொழும்புப் பிள்ளை என்றால் காணியையோ வீட்டையோ ஈடு வைத்து வங்கிக் கடன் எடுக்கும். தோட்டத்து லய வீடுகளில் இருக்கிற நம்மில் பலருக்கு ஈடு வைக்க என்ன இருக்கிறது? பெரியதுக்குப் போ என்கிற மாமாமாரிடம் இதைக் கேளுங்கள்.

சின்னக் கல்லூரிக்குச் சரி என்று சொல்வதற்கு முன்னால் அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். உதவித்தொகை நான்கு வருடத்துக்கும் உறுதியா, புள்ளி குறைந்தால் வெட்டுவார்களா, விமான டிக்கெட்டும் மருத்துவக் காப்புறுதியும் அதற்குள் வருகிறதா என்று கேளுங்கள். டிசம்பர் விடுமுறையில் விடுதியை மூடுவார்களா என்றும் கேளுங்கள், பல இடங்களில் மூடுவார்கள், வீட்டுக்கு வர முடியாத பிள்ளை எங்கே போவது என்று அவர்களே ஒரு ஏற்பாடு வைத்திருக்க வேண்டும். தெற்காசியாவில் இருந்து வந்து படிக்கிற ஒரு பிள்ளையோடு பேச வைக்கச் சொல்லுங்கள், கேட்டால் ஒழுங்கு செய்வார்கள். கொழும்பில் ஃபுல்பிரைட் ஆணைக்குழுவில் இருக்கிற எடியுகேஷன் யூஎஸ்ஏ நிலையத்தில் (அமெரிக்கப் படிப்புக்கு வழிகாட்டுகிற இடம்) இடம் தந்த இரண்டு கடிதங்களையும் காட்டி ஆலோசனை கேட்கலாம். அநேகமான இடங்களில் மே 1-க்குள் பதில் சொல்ல வேண்டும், உங்கள் கடிதத்தில் என்ன தேதி போட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.